டாப் பார்க்கிற பவளம்

ஓசூர் சிப்காட்டில் கியர் பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில், ஸ்டோர்ஸுக்கும் கேன்டீனுக்கும் நடுவே, பத்துக்கு எட்டில் ஓர் அறை இருக்கிறது. கதவில் 'சிஸ்டம் ரூம்' என்று ஒட்டியிருக்கும். ஓசூர்க் குளிர் போதாதென்று உள்ளே ஏசி வேறு. அந்த ஏசி மனிதர்களுக்காக இல்லை, மூலையில் நிற்கும் சர்வருக்காக. அதற்குப் பக்கத்தில், கம்பெனிக் கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர் என்று மூட்டையாக உட்கார்ந்திருப்பவள் பவளம். வயது முப்பத்தாறு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "டாப் பாக்குறது" என்பாள். கேட்டவர் மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்துவிடுவார்.

கறுப்புத் திரையில் டாப் என்ற ஒரே சொல்லைத் தட்டி என்டரை அழுத்தினால், சர்வருக்குள் அந்த நிமிடம் நடக்கிற வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு வேலைக்கு ஒரு வரி. அதன் எண், அது யாருடைய பெயரில் ஓடுகிறது, மெஷினின் பலத்தில் எத்தனை சதவீதத்தைத் தின்கிறது, இப்போது ஓடுகிறதா தூங்குகிறதா, இதுவரை எத்தனை நிமிடம் உழைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். மூன்று விநாடிக்கு ஒருமுறை பட்டியல் மாறும். அதிகம் தின்பது மேலே ஏறும், அடங்கியது கீழே இறங்கும். வெறும் வேடிக்கை மட்டும் இல்லை. ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு வேலையை நிறுத்தலாம், இன்னோர் எழுத்தைத் தட்டினால் வரிசையைக் கலைத்துப் போடலாம். சினிமாவைவிட இது நன்றாக இருக்கிறது என்பது பவளத்தின் கட்சி. அவள் கணவன் மாதேஸ்வரனுக்கு இதில் உடன்பாடில்லை.

சாமல்பட்டிக்காரி அவள். ஊத்தங்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்த சான்றிதழோடு ஓசூர் வந்தாள். வந்த இடத்தில் சான்றிதழை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, அவளைப் பேக்கிங் லைனில் நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அந்த லேபிள் சர்வரிலிருந்து அச்சாகி வரும். லேபிள் இல்லாத பெட்டி கேட்டைத் தாண்டாது. ஆறு வருடம் ஒட்டினாள். கட்டைவிரல் ரேகை தேய்ந்து, வருகைப் பதிவு மெஷின் அவளை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்புகிற அளவுக்கு ஒட்டினாள்.

ஒருநாள் லேபிள் நின்றுபோனது. என்ன ஆயிற்று என்று கேட்டுவரச் சொல்லி அவளைச் சிஸ்டம் ரூமுக்கு அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் அங்கிருந்தபடியே திரையை இயக்கிக்கொண்டிருந்தார். கறுப்புத் திரையில் வரிகள் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பவளத்துக்குக் கால் நகரவில்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்க, இவள் பாட்டுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஆர் என்றால் ஓடுகிறது, எஸ் என்றால் தூங்குகிறது, இசட் என்றால் ஜோம்பி என்றார் அவர். ஜோம்பி என்றால் வேலை முடிந்துவிட்டது, ஆனால் அதைத் தொடங்கி வைத்த வேலை இன்னும் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை, அதனால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது என்று நீட்டி முழக்கினார்.

"இது தெரியாதுங்களா சார்," என்றாள் பவளம். "வேல முடிச்சி கேட்ல நிப்போம், சூப்பர்வைசர் அவுட் பாஸ்ல கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு. வீட்டுக்கும் போக முடியாது, வேலையும் கெடையாது. அதானுங்களே?"

ஸ்பீக்கரில் இன்ஜினியர் சிரித்துவிட்டார். பிறகு அவர், இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரும் சொல்லவில்லை என்றார். இரண்டு மாதம் கழித்துச் சிஸ்டம் ரூம் உதவியாளர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, அந்த இன்ஜினியரே இவள் பெயரைச் சொன்னார். கான்ட்ராக்ட் வேலைதான். ஆனாலும் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

உட்கார்ந்த முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. மேலே நின்று மெஷினைத் தின்றுகொண்டிருந்த ஒரு வேலையை நிறுத்தக் கே என்ற எழுத்தைத் தட்டினாள். எந்த எண்ணை நிறுத்த வேண்டும் என்று டாப் கேட்டது. எண் எதையும் தட்டாமல் என்டரை அழுத்தினால், அந்த நேரத்தில் முதல் வரியில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கண் பார்த்ததற்கும் விரல் அழுத்தியதற்கும் நடுவில் மூன்று விநாடி ஓடி, முதல் வரி மாறிவிட்டது. நின்றது லேபிள் புரோகிராம். பேக்கிங் லைனே சிஸ்டம் ரூம் வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து பேனாவால் எண்ணை உள்ளங்கையில் எழுதாமல் அவள் எந்த வேலையையும் தொடுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மாதேஸ்வரன் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னிக்கி எத்தன பேரத் தீத்துக் கட்டின?" என்பான். கல்யாண வீடுகளுக்குப் போனாலும், யார் ஓடுகிறார்கள், யார் தூங்குகிறார்கள், யார் வேலை முடிந்தும் போகாமல் நிற்கிறார்கள் என்று இவள் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும், அதனால்தான் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு திங்கட்கிழமை மண் விழுந்தது. பிளான்ட் மேனேஜர் மோகன்குமார் சிஸ்டம் ரூமுக்குள் வந்தார். அருப்புக்கோட்டைக்காரர். ஓசூர் வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது, கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு எட்டிப் பார்க்கும்.

"பவளம், தெனமும் ரெண்டே காலுக்கு லேபிள் படுத்துக்குது. ஷிப்ட் முடியிற நேரம், லாரி நிக்கிற நேரம், கரெக்டா அப்பத்தான் படுக்குது. பெங்களூர்ல கேட்டா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்றாங்க. மேல முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா சர்வர் பெங்களூருக்குப் போகுது. இந்த ரூமை மூடிருவாங்க."

"அப்ப நானுங்க சார்?"

மோகன்குமார் சர்வரைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "கான்ட்ராக்ட்தானம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பவளத்துக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்திருந்தது. ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு, உட்கார்ந்து யோசிக்கிறதற்கும் ஒரு சம்பளம் உண்டு என்று காட்டிய நாற்காலி அது. அதை விட மனசில்லை. அவ்வளவுதான்.

ரெண்டே கால் என்பது கேன்டீனில் கடைசிப் பந்தி. பவளம் சாப்பிடப் போகிற நேரம். திரும்பி வந்து பார்க்கையில் மெஷின் திணறிக்கொண்டிருக்கும். பட்டியலில் எல்லாம் ஒரே பொதுப் பெயரில், பைத்தான், பைத்தான் என்று ஏழெட்டு வரி நிற்கும். லேபிள் புரோகிராமும் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதுதான் என்பதால், எல்லாம் லேபிள் வேலை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பெங்களூர்க்காரர்களோ புகார் போய்ச் சேர்ந்து மூன்று மணிக்குமேல்தான் பார்ப்பார்கள். அப்போது எல்லாம் அடங்கிப் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திரைக்கு முன்னால் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரியாக ரெண்டே காலுக்கு ஒரு புது பைத்தான் வரி முளைத்து, நேராக முதல் வரிக்கு ஏறியது. எழுபது சதவீதம். லேபிள் வரிகள் மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொண்டு தவித்தன. கையில் சாம்பார் சாதத்தோடு இடது விரலால் சி என்ற எழுத்தைத் தட்டினாள். அதைத் தட்டினால் பைத்தான் என்று மொட்டையாக நிற்காமல், எந்தப் புரோகிராம், யார் போட்ட கோப்பு என்பதெல்லாம் முழுசாக விரியும். விரிந்தது. போட்டவர் நாராயணப்பன். புரோகிராமின் பெயர் நாகம்மா.

பவளம் சாதத்தை விழுங்கிவிட்டு இன்னொரு தடவை படித்தாள். நாராயணப்பன் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு பார்த்தவர். ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. தொரப்பள்ளிப் பக்கம் நிலம், கொத்தமல்லி போடுகிறார் என்று கேள்வி. நாகம்மா அவர் பெண்டாட்டி. "இந்த மனுசன் பொண்டாட்டி பேர்ல என்னாத்த ஓட விட்டுட்டுப் போனாரு?" என்று திரையிடமே கேட்டாள். ஏதோ வீட்டு விஷயம், ஆபீஸ் மெஷினில் தினமும் தானாக ஓடும்படி போட்டுவிட்டு, எடுக்க மறந்து போய்விட்டார் என்று முடிவு கட்டினாள். அது எப்போது முடிகிறது என்று மட்டும் பார்த்துவைத்தாள். இருபது நிமிட உழைப்பு ஆனதும், ரெண்டே முக்காலுக்குத் தானாகவே மறைந்துவிட்டது.

புதன்கிழமை ரெண்டே காலுக்கு நாகம்மா வந்ததும் எண்ணை உள்ளங்கையில் எழுதினாள். கே. எண். என்டர். நாகம்மா மறைந்தது. அடுத்த மூன்றாவது விநாடி லேபிள்கள் பாய ஆரம்பித்தன. பேக்கிங் லைனிலிருந்து தர்ஷினி ஓடி வந்து, "அக்கா, ஒட்டுறதுக்கு கை பத்தலக்கா. என்னா பண்ணீங்க?" என்றாள். பவளம் உள்ளங்கையைக் காட்டினாள். மாதேஸ்வரனுக்கு போன் போட்டு, ராத்திரிக்குக் கோழி எடுத்து வரச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம்.

மூன்றேகாலுக்கு டீ குடிக்க வெளியே வந்தவள், கேட்டுக்குப் பக்கத்தில் பதினொரு பெண்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். தர்ஷினியும் அவர்களோடு நின்றாள். சூளகிரிப் பக்கம் போகிறவர்கள். அவர்களுக்குப் பெரிய பஸ்ஸுக்குப் பதில் வேன் வந்து, ஏறினவர்கள் போக மிச்சம் பேரை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஷேர் ஆட்டோவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பஸ்காரங்க கூத்து," என்று நினைத்துக்கொண்டு பவளம் டீயைக் குடித்தாள். சிரித்த முகத்தோடுதான் குடித்தாள். அதை நினைத்து அடுத்த நாள் வெட்கப்பட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் சிஸ்டம் ரூம் கதவைத் தட்டியவர் திம்மப்பன். கம்பெனி பஸ்களையெல்லாம் பிரித்து அனுப்புகிறவர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் பேசுவார், தெலுங்கும் தமிழும் மட்டும் படிப்பார். கையில் இங்கிலீஷ் கடிதம் ஒன்றை மடித்து வைத்திருந்தார்.

"ஏம்மா பவளம், இது என்னா எழுதிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சி சொல்லு. ஹெச்.ஆர் புள்ள குடுத்துட்டு மூஞ்சத் திருப்பிகினு போயிடுச்சி."

படித்தாள். நேற்றைய வண்டிப் பட்டியலை எடுக்காமல் முந்தின நாள் பட்டியலை வைத்து வண்டி அனுப்பியதால் பதினொரு பெண்கள் வழியில் விடப்பட்டார்கள், இந்த அலட்சியத்துக்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும் என்று இருந்தது. சொன்னாள்.

"பட்டியல் வந்தாதானம்மா எடுப்பேன்," என்றார் திம்மப்பன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ரெண்டே முக்காலுக்கு செக்யூரிட்டி ரூம் பிரிண்டர்ல தானா வரும். யாரு எந்த வண்டி, எந்த ஸ்டாப்பு, எல்லாம் இருக்கும். ஓ.டி நிக்கிறவங்க, லீவு போட்டவங்க, தெனம் மாறும்ல. நேத்து வரவே இல்ல. நானு பேப்பர் தீந்துச்சான்னு தொறந்து பாத்தேன், பேப்பர் இருக்குது."

"தானா வரும்னா? யாருண்ணா அனுப்புறாங்க?"

"யாருக்கும்மா தெரியும். நாராயணப்ப சார் காலத்துல இருந்து வருது."

பவளம் கையைத் திருப்பினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். நேற்று எழுதிய எண் கழுவியும் போகாமல் மங்கலாக இருந்தது. கையை மடக்கிக்கொண்டாள். திம்மப்பன் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வருசம் இருக்குது எனக்கு, சர்வீஸ்ல. பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவளுக்குத் தோன்றியதை மறைப்பானேன். நாகம்மாவை நிறுத்தியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். லேபிள் சரியாகிவிட்டது. நாளை ஒருநாள் தாண்டினால் நாற்காலி அவளுக்கு. பட்டியல் ஏன் வரவில்லை என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எல்லாம் சரி. ஆனால் திம்மப்பன் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. பதினைந்து நிமிடம் டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வரிகூட மனசில் ஏறவில்லை. பிறகு தொரப்பள்ளிக்கு போன் போட்டாள்.

எடுத்தது நாகம்மாதான். கொத்தமல்லிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாராயணப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் ஓடுதாம்மா அது? நான் போட்டது ரெண்டு வண்டிக்கும் அறுவது பேருக்கும். அதுக்கு மேல தாங்காதுன்னு நெனச்சேன்." இப்போது தொள்ளாயிரம் பேர். ஒவ்வொருத்தரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போட்ட வருகைப் பஞ்ச் எல்லாவற்றையும் தினமும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் நாகம்மா பட்டியல் போடுகிறது. மெஷின் திணறாமல் என்ன செய்யும்.

"நாகம்மான்னு எதுக்குங்க சார் பேரு வெச்சீங்க?"

"அவதான், நான் எப்ப வீட்டுக்கு வருவேன்னு தெனம் மூணு மணிக்கு போன் போட்டு, பஸ் கெளம்பிடுச்சா, பஸ் கெளம்பிடுச்சான்னு கேப்பா. நான் வண்டிக்காரங்கிட்ட கேட்டு கேட்டு சலிச்சிப் போயி எழுதுனதும்மா அது." பின்னால் நாகம்மா எதையோ சொல்லித் திட்டுவது கேட்டது.

போனை வைத்துவிட்டு நேராக மோகன்குமார் அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை. "சார், நேத்து பட்டியல் வராததுக்கு திம்மப்பண்ணா காரணம் இல்லீங்க. நானுங்க." கையை விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னம்மா வெளையாடுறீகளா?" அருப்புக்கோட்டை வந்துவிட்டது. "லேபிள் வரணும்னு சொன்னா பஸ்ஸ நிறுத்திட்டு வந்து நிக்கீக. நாளைக்கு நானே வந்து ஒக்காந்து பாப்பேன். லேபிளும் வரணும், பஸ்ஸும் போகணும். ரெண்டுல ஒண்ணு தவறுனாலும் மெஷினு பெங்களூருக்கு. அதுக்கு மேல எங்கிட்டப் பேசாதீக." கத்திவிட்டு, போனை எடுத்து, திம்மப்பனுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொன்னார். அந்த மட்டில் நல்ல மனுஷன். அன்று ரெண்டே காலுக்கு நாகம்மா எப்போதும்போல ஓடியது, லேபிள் எப்போதும்போலப் படுத்தது, பஸ் ஒழுங்காகக் கிளம்பியது.

கொன்றால் பஸ் இல்லை, விட்டால் லேபிள் இல்லை. பவளம் டாப்பில் ஹெச் என்ற எழுத்தைத் தட்டினாள். எந்த எழுத்து எதற்கு என்று சொல்கிற பக்கம் வரும். இரண்டு வருடமாகப் பார்த்த பக்கம்தான், தனக்குத் தேவைப்பட்டதை மட்டும் பார்த்திருந்தாள். கே என்கிற எழுத்துக்குப் பக்கத்திலேயே ஆர் இருந்தது. ஒரு வேலையின் நைஸ் எண்ணை மாற்றுவதற்கு. அந்த எண் ஏற ஏற, அந்த வேலை மற்றவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கும். பத்தொன்பது வரைக்கும் ஏற்றலாம். பத்தொன்பது போட்டால், பஸ் படியில் நின்றுகொண்டு "நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க" என்று எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறுகிற ஆள் மாதிரி. கொல்லவும் வேண்டாம், முன்னால் விடவும் வேண்டாம். "இத்தன நாளா பக்கத்துலயே இருந்திருக்க," என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கே மோகன்குமார் வந்து, ஸ்டோர்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குளிரில் கையைக் கட்டிக்கொண்டார். ரெண்டே கால். நாகம்மா முளைத்து முதல் வரிக்கு ஏறியது. லேபிள் வரிகள் கீழே சரிந்தன. பவளம் எண்ணை உள்ளங்கையில் எழுதினாள். ஆர். எண். என்டர். பத்தொன்பது. என்டர். மூன்று விநாடி.

நாகம்மா இறங்கியது. மூன்றாவது வரி, நான்காவது வரி. லேபிள்கள் மேலே ஏறின. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் சத்தம் நிற்காமல் கேட்க ஆரம்பித்தது. மோகன்குமார் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

ரெண்டே முக்கால் ஆயிற்று. லாரிக்கு இன்னும் நாற்பது பெட்டி பாக்கி. கதவில் திம்மப்பன் தலை தெரிந்தது. "பட்டியல் வர்லியே."

பவளம் நாகம்மாவின் வரியைப் பார்த்தாள். எட்டு நிமிட உழைப்புத்தான் ஆகியிருந்தது. இருபது ஆகாமல் பட்டியல் வராது என்று செவ்வாய்க்கிழமையே பார்த்துவைத்திருந்தாள். மூன்று பத்துக்கு பஸ் கிளம்ப வேண்டும். மூன்று ஐந்துக்காவது தாள் கைக்கு வந்தால்தான் திம்மப்பனால் வண்டி பிரிக்க முடியும்.

"அதத் திருப்பி மேல ஏத்துங்கம்மா," என்றார் மோகன்குமார்.

"ஏத்துனா லேபிள் நின்னுடும் சார். நாப்பது பொட்டிதான். அது முடிஞ்சா லேபிளுங்க எல்லாம் தூங்கிடும். அப்ப யாருக்கும் வழி விட வேண்டியது இல்ல, நாகம்மா தானா மேல வருவா. கை வெக்க வேணாங்க."

"வரலைன்னா?"

"வருவா சார்." சொன்னாளே தவிர, மஃப்ளருக்குள் வேர்த்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்திருந்தால் தட்டிவிடுவோமோ என்ற பயம். ரெண்டு ஐம்பதுக்கு நாகம்மா ஒன்பதே முக்கால் நிமிடத்தில் இருந்தது. ரெண்டு ஐம்பத்திரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் நின்றது. தர்ஷினி வாசலில் வந்து, "லாரி முடிஞ்சிதுக்கா," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

டாப்பில் லேபிள் வரிகள் ஒவ்வொன்றாக எஸ் என்று மாறித் தூங்கின. நாகம்மா ஏறியது. மூன்று. இரண்டு. ஒன்று. தொண்ணூற்றெட்டு சதவீதம், பத்தொன்பது எண்ணோடேயே. பன்னிரண்டு நிமிடம், பதினைந்து, பதினெட்டு. மோகன்குமார் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டு, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று மணி மூன்று நிமிடத்துக்கு நாகம்மாவின் வரி மறைந்தது. திம்மப்பன் செக்யூரிட்டி ரூமுக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயது மனுஷர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கேட் பக்கமிருந்து ஒரு ஹாரன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக.

மோகன்குமார் எழுந்தார். "சரி. திங்கக்கெழம நீங்க லீவு போட்டா இத யாரு பண்றது?"

இந்தக் கேள்வி வரும் என்று பவளத்துக்குத் தெரியும். ராத்திரி முழுக்க யோசித்திருந்தாள். நாகம்மா தொடங்கும்போதே பத்தொன்பதோடு தொடங்கும்படி ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு ரெண்டே காலுக்கு யாரும் இங்கே உட்கார வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால், தினமும் அந்த நேரத்துக்கு அவள் வேண்டும்.

"ஒரு வரி மாத்துனா தானாவே ஆயிடும் சார். ஆளு வேண்டியது இல்ல," என்றாள்.

"அப்ப மாத்துங்க."

மாற்றினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மோகன்குமார் நின்று பார்த்துவிட்டு, அங்கேயே போனை எடுத்துப் பெங்களூரைக் கூப்பிட்டார். சர்வர் இங்கேயே இருக்கட்டும், ரூமும் இருக்கட்டும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"புதன்கிழமை உங்க ரிப்போர்ட்டப் பாத்தேன்," என்றார் மோகன்குமார். "எல்லாம் பச்சை. லேபிள் தாமதம் இல்ல, பிரச்சினை தீந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்குத்தான் பதினோரு பொம்பளைங்க ரோட்டுல நின்னாங்க. அது உங்க திரையில எங்க இருக்கு, சொல்லுங்க. எனக்கு வந்து சொன்ன ஆளு இங்க உக்காந்திருக்கு."

போனை வைத்துவிட்டு, ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போனார். வேலை நிரந்தரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பவளமும் அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம், இப்போது ஆள் நல்ல மூடில் இருக்கிறார், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, மஃப்ளரால் துடைத்துக்கொண்டாள்.

நாராயணப்பனுக்குச் சொல்ல வேண்டுமே என்று தொரப்பள்ளிக்கு போன் போட்டாள். மணி மூன்று பன்னிரண்டு. முதல் மணியிலேயே எடுத்தார்கள். நாகம்மாதான். யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பஸ் கெளம்பிடுச்சாம்மா?"

"கெளம்பிடுச்சிங்க," என்றாள் பவளம். "எல்லாரும் ஏறிட்டாங்க."